மறுகால்

மூன்று ஷட்டர்.
ஒன்றில் கிரீஸ் மணக்கும், இரண்டில் துரு.
உடையார்குளத்து மறுகாலுக்கு நான் பொறுப்பு
என்று அரசாங்கம் நம்புகிறது.
சாவி லஸ்கர் நாறும்பூ இடுப்பில்.
என் கையில் குடை.

எட்டரைக்கு அளவுகல்லில் ஒன்பதடி.
பத்தே காலுக்கு ஒன்பதரை.
பதிவேட்டில் நனையாத மூலை தேடி எழுதுகிறேன்.
மேற்கே மூன்று குளம் நிரம்பிவிட்டது.
ஒன்றின் மறுகால் அடுத்ததற்கு வரத்து,
அதன் மறுகால் எங்களுக்கு.
சங்கிலிக் குளங்கள், வரைபடத்தில் அழகு.
ராத்திரியில் அது
வட்டிக்கு வட்டி.

கரைமேல் டார்ச்சோடு நாலு பேர்:
"அரையடி கூட நிக்கட்டும் மேடம்,
பிசானத்துக்கு வேணும்லா."
கரைக்குக் கீழே இருந்து போன்:
"தொறந்துராதிய மேடம்,
பச்சப்பிள்ளயள வச்சிருக்கோம்."
பேராத்துச்செல்வி நகர். நாலு தெரு.
பழைய செட்டில்மென்ட் வரைபடத்தில்
அந்த இடத்தின் பெயர் மறுகால் ஓடை,
அகலம் இருபத்தேழு அடி.
இப்போதும் ஓடை இருக்கிறது.
மூன்றடி. மேலே சிமென்ட் பலகை,
பலகைமேல் பரோட்டாக் கடை.
மிச்சம் இருபத்து நாலு அடியைக் காணோம்.
நான் டேப் பிடித்துத் தேடியிருக்கிறேன்.
இன்றைக்குத் தண்ணீர் தேடப் போகிறது.

செவ்வாய்க்கிழமை தோறும்
இந்த ஓடை ஆற்றில் விழுகிற இடத்தில் இறங்கி
இரண்டு பாட்டில் எடுப்பேன்,
வாய்க்குப் பத்தடி மேலே ஒன்று, பத்தடி கீழே ஒன்று.
மேல் பாட்டிலில் ஆறு.
கீழ் பாட்டிலில் நாங்கள்:
சோப்பு, சாயம், கோழி இறகு, கக்கூஸ்.
ஆய்வுக்கூடத்து ஜெபக்கனி
எண்களை மட்டும் வாசிப்பாள்.
கீழே எந்த ஊர் இதைக் குடிக்கிறது என்று
அவள் கேட்டதில்லை.
அவள் ஊர்தான்,
ஸ்ரீவைகுண்டம் தாண்டி.

ஒன்று ஐம்பது. பத்தடி நாலு அங்குலம்.
கரையின் தெற்கு முனையில் மண் வியர்க்கிறது.
அது உடைந்தால் நாலு தெரு அல்ல, நாற்பது.
மேலதிகாரி போனில் "நிலைமைக்குத் தக்கபடி" என்றார்.
நிலைமை என் செருப்பைக் கழற்றிக்கொண்டு போனது.

ஜீப்பை அனுப்பினேன், மைக்கோடு.
பள்ளிவாசலில் மோதினார் செய்யதப்பாவை எழுப்பி
ஒலிபெருக்கியில் சொல்லச் சொன்னேன்.
கடைசியாக
மூன்றாவது கிழக்குத் தெருவில் ஒரு வீட்டுக்கு.
தில்லைவேல் தூக்கத்திலேயே கேட்டான்:
"எதை முதல்ல மேல ஏத்த?"
"பத்திரத்தை."
பதினெட்டு வருஷக் கடன் அது.
வரைபடம் என் மேஜைக்கு வரும் முன்பே
முன்பணம் கொடுத்திருந்தோம்.
(முன்பே என்பது உண்மை.
பின்பும் விற்கவில்லை என்பதும்.)

நாறும்பூ சக்கரத்தைப் பிடித்தார்.
ஒரு சுற்றுக்கு அரை விரற்கடை ஏறும்.
நெல் அளக்கிற வாய். ஒன்று என்று வராது.
"லாபம்," என்றார், மழைக்குள்.
"ரெண்டு. மூணு."
அடியில் தண்ணீர் இருமியது.
நாற்பதில் நிறுத்தச் சொன்னேன்,
ஜீப் தெருமுனை திரும்பட்டும் என்று.
பிறகு மறுபடி லாபத்திலிருந்து.
இரண்டு மணிக்கூறு
இப்படியே ஓட்டினோம்.
துருப்பிடித்த ஷட்டர் ஒன்று கடைசிவரை அசையவில்லை.
கரை நின்றது.

பதிவேட்டில் நேரம், அடி, அங்குலம், கையெழுத்து.
குறிப்பு என்ற கட்டத்தில்
'இல்லை' என்று எழுதினேன்.

விடிந்து போனபோது
பரோட்டாக் கல் எங்கள் கேட்டில் சாய்ந்திருந்தது.
அடுப்படியில் முழங்கால் தண்ணீர்,
அதில் யார் வீட்டுச் சீப்போ சுற்றிக்கொண்டிருந்தது.
அன்றைக்குச் செவ்வாய்.
பையில் பாட்டில் இருந்தது.
கிரைண்டருக்குப் பக்கத்தில் குனிந்து முக்கி
மூடி திருகி, தேதி ஒட்டி அனுப்பினேன்.

சாயங்காலம் ஜெபக்கனி
முதல் தடவையாகக் கேட்டாள்:
"இது எந்த இடம்க்கா?"

ஓடைதான், என்றேன்.